ட்ரோபோனின்: ஒரு வாரம் ஆகியும் ஏன் இறங்கவில்லை?

நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போய் வந்த நம் வீட்டுப் பெரியவர்களின் கோப்பைத் திறந்தால் 'ட்ரோபோனின்' என்ற சொல் பெரும்பாலும் கண்ணில் படும். அதற்கு எதிரே ஓர் எண் இருக்கும். அந்தச் சீட்டைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டதும் ஊரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கேள்விகள் வரத் தொடங்கும். "ஸ்டென்ட் வைத்த பிறகு எண் இன்னும் கூடியிருக்கிறதே, ஏதாவது தவறாகிவிட்டதா?" "ஒரு வாரம் ஆகிவிட்டது, இன்னும் இறங்கவில்லையே?" "டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு எப்போதும் அதிகமாகத்தான் இருக்குமாமே, அப்படியானால் வாப்பாவுக்கு வந்தது அட்டாக்கா இல்லையா?"

இந்தக் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. இதயத் தசை காயப்படும்போது இந்தப் புரதம் எப்படி வெளியே வருகிறது, எப்படித் துண்டாகிறது, இரத்தத்திலிருந்து எந்த வழியாக அகற்றப்படுகிறது என்பது புரிந்தால் அந்தச் சீட்டைப் பார்த்து வீணாகப் பதறவும் மாட்டோம், பதற வேண்டிய இடத்தில் அசட்டையாக இருக்கவும் மாட்டோம்.

தசை சுருங்குவதற்கும் தளர்வதற்கும் கால்சியம் கட்டளை இடுகிறது. அந்தக் கட்டளையை வாங்கித் தசை நாருக்குக் கடத்துகிற புரதக் கூட்டமே ட்ரோபோனின். ஜப்பானிய விஞ்ஞானி செட்சுரோ எபாஷியின் குழு 1960களில் இதைக் கண்டறிந்தது. இதில் சி, ஐ, டி என்று மூன்று உறுப்புகள் உள்ளன. சி என்பது இதயத்தில் இருப்பதும் எலும்புத் தசைகளில் ஒரு வகையில் இருப்பதும் ஒன்றேதான். அதனால் இரத்தத்தில் அதைத் தேடினால் வந்தது இதயத்திலிருந்தா, காலிலிருந்தா என்று சொல்ல முடியாது. ஐ, டி இரண்டுக்கும் இதயத்துக்கென்றே தனி வடிவம் உண்டு. உதாரணமாக, இதய ட்ரோபோனின் ஐயின் தலைப்பகுதியில் எலும்புத் தசையில் இல்லாத சுமார் 30 அமினோ அமிலங்கள் கூடுதலாக இருக்கின்றன. பரிசோதனைக் கூடங்கள் இந்த இரண்டை மட்டும் அளப்பது இதனால்தான். டி வகைக்கான முதல் பரிசோதனையை 1989இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் ஹூகோ கட்டுஸ் குழுவினர் வெளியிட்டார்கள்.

ஆரோக்கியமான இதயத்திலும் இந்தப் புரதம் நிரந்தரமாக இருப்பதில்லை. பழையது உடைக்கப்பட்டுப் புதியது பொருத்தப்பட்டுக்கொண்டே இருக்கிறது. எலிகளின் இதயத்தில் அளந்தபோது, ட்ரோபோனினில் பாதி மூன்று, நான்கு நாட்களில் புதுப்பிக்கப்பட்டுவிடுவது தெரிந்தது. இந்த வேலை செல்லுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் வெளியே வருவது மிக மிகக் குறைவு. ஆனாலும் அந்தச் சிறு அளவையும் இன்றைய உயர் உணர்திறன் பரிசோதனைகள் கண்டுபிடித்துவிடுகின்றன. ஆகவே சீட்டில் பூஜ்யம் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. நோயற்ற 100 பேரில் 99 பேருக்கு எந்த எண்ணுக்குக் கீழே இருக்கிறதோ, அந்த எண்ணையே எல்லைக் கோடாக வைத்திருக்கிறார்கள்.

தங்குவதில்லை, கசிந்துகொண்டே இருக்கிறது

இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டால், சுமார் இருபது நிமிடங்களுக்குப் பிறகு தசைச் செல்கள் மீட்க முடியாதபடி சாகத் தொடங்குகின்றன. செல்லின் சுவர் கிழிகிறது. உள்ளே இருந்தவை வெளியே வருகின்றன. ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் வருவதில்லை.

வெள்ளம் புகுந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். முதலில் மிதந்து வெளியே வருவது பாய், தலையணை, பிளாஸ்டிக் குடம். சுவரோடு பொருத்திய கதவு நிலை உடனே வராது. நாட்கணக்கில் தண்ணீர் நின்று சுவர் கரைந்தபிறகுதான் அது கழன்று வரும். ட்ரோபோனினும் அப்படித்தான் இரண்டு இருப்பாக இருக்கிறது. நூற்றில் சுமார் ஐந்து பங்கு மட்டும் செல்லின் திரவத்தில் மிதக்கிறது. மீதி எல்லாம் தசை நாரோடு இறுகப் பிணைந்திருக்கிறது. மிதந்த பங்கு முதல் சில மணி நேரத்தில் இரத்தத்துக்கு வந்துவிடும். பிணைந்த பங்கு, செத்த நாரை நொதிகள் அரித்து அரித்துக் கரைக்கும்போது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்.

இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு செய்தி இருக்கிறது. இரத்தத்துக்குள் வந்துவிட்ட ட்ரோபோனின் அங்கே நெடுநேரம் உயிர்வாழ்வதே இல்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதி போய்விடுகிறது. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மணியில் பாதி, நான்கு மணியில் கால், ஆறு மணியில் அரைக்கால். ஒரு நாளில் பன்னிரண்டு முறை பாதியானால் மிஞ்சுவது நாலாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கசிவு நின்றிருந்தால், எவ்வளவு பெரிய எண்ணாக இருந்தாலும் ஓரிரு நாளில் இயல்புக்கு வந்திருக்க வேண்டும். ஆனால் மாரடைப்புக்குப் பிறகு ட்ரோபோனின் ஐ 7 முதல் 10 நாட்கள் வரையிலும், டி 10 முதல் 14 நாட்கள் வரையிலும் இரத்தத்தில் காணப்படுகிறது. காரணம், பழையது அகற்றப்பட அகற்றப்படச் செத்த தசையிலிருந்து புதியது வந்துகொண்டே இருக்கிறது. டி வகையில் நான்காம் நாளை ஒட்டி எண் சற்று மீண்டும் மேலே எழுவதுகூட உண்டு. அது நார்கள் கரையும் கட்டம்.

ஆகவே ஐந்தாம் நாளில் எண் இன்னும் அதிகமாக இருப்பது உடம்பு அதை வெளியேற்றத் தவறிவிட்டது என்பதற்கான அடையாளம் அல்ல. முதல் நாளில் நடந்த சேதத்தின் இடிபாடு இன்னும் அப்புறப்படுத்தப்படுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது அட்டாக் வந்துவிட்டதோ என்ற சந்தேகம் எழுந்தால் மருத்துவர் ஒரே எண்ணை வைத்து முடிவு செய்ய மாட்டார். சில மணி நேர இடைவெளியில் மறுபடி எடுத்துப் பார்ப்பார். நிலையாக இருந்த அல்லது இறங்கிக்கொண்டிருந்த எண் 20 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால்தான் அது புதிய சேதமாக எடுத்துக்கொள்ளப்படும்.

ஸ்டென்ட் வைத்த பிறகு எண் எகிறுவதற்கும் இதுவே விளக்கம். குழாய் அடைபட்டிருக்கும் வரை செத்த பகுதியைக் கழுவிக்கொண்டுவர இரத்த ஓட்டம் இல்லை. அடைப்பைத் திறந்ததும் இரத்தம் பாய்கிறது, தேங்கிக் கிடந்த புரதமெல்லாம் ஒரே வீச்சில் அடித்துக்கொண்டு வருகிறது. உச்சம் சீக்கிரமாகவும் உயரமாகவும் வரும், பிறகு விரைவாக இறங்கும். குழாய் சரியாகத் திறந்திருக்கிறது என்பதற்கு மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகளில் இதுவும் ஒன்று. வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு இதை ஒரு நிமிடம் விளக்கிச் சொன்னால் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகும் என்பது எங்கள் ஆதங்கம்.

ட்ரோபோனினுக்கு முன்பு வேறு பொருட்களை அளந்துவந்தார்கள். 1954இல் ஏஎஸ்டி என்ற நொதியில் ஆரம்பித்தது இது. இன்று ஈரல் பரிசோதனையில் நாம் பார்க்கும் அதே நொதிதான். பிறகு எல்டிஎச், சிகே-எம்பி, மயோகுளோபின் வந்தன. மயோகுளோபின் மிகச் சிறிய புரதம். அடைப்பு ஏற்பட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் ஏறும், சிறுநீரகத்தின் வடிகட்டியில் எளிதாக நுழைந்துவிடுவதால் ஒரு நாளில் காணாமல் போகும். சிகே-எம்பி அதைவிடச் சுமார் ஐந்து மடங்கு எடை கொண்டது. வடிகட்டியில் நுழையாது. இரத்தத்திலேயே செயலிழந்து, ஈரல் போன்ற உறுப்புகளில் இருக்கும் துப்புரவுச் செல்களால் விழுங்கப்பட்டு, இரண்டு மூன்று நாட்களில் இயல்புக்குத் திரும்பும். சில மருத்துவமனைகளில் இன்றும் ட்ரோபோனினோடு சேர்த்து சிகே-எம்பியும் எழுதிக்கொடுக்கிறார்கள்.

துண்டாவதும் அகற்றப்படுவதும்

ட்ரோபோனின் முழுதாக வந்து முழுதாகப் போவதில்லை. சேதத்தின்போது செல்லுக்குள் கால்சியம் வெள்ளமாகப் புகுகிறது. அது கால்பெய்ன் என்ற வெட்டும் நொதியைத் தட்டி எழுப்புகிறது. வேறு சில நொதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஐயின் இரு முனைகளும் முதலில் அறுபடுகின்றன. நடுப்பகுதி மட்டும் நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. ஏனென்றால் சி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நொதிகளின் வாய்க்கு எட்டாமல் காக்கிறது. பரிசோதனை தயாரிக்கும் நிறுவனங்கள் இதை அறிந்து, தங்கள் எதிர்ப்பொருள்களை அந்த நடுப்பகுதியில் ஒட்டும்படி அமைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் சற்று வேறு வேறு இடங்களைப் பிடிப்பதால், ஒரே இரத்தத்துக்கு இரண்டு ஆய்வகங்கள் இரண்டு எண்கள் தரக்கூடும். ஒரு மருத்துவமனையில் எடுத்த ஐயை இன்னொரு மருத்துவமனையில் எடுத்த டியோடு ஒப்பிட்டு "ஏறிவிட்டது" என்று முடிவு செய்வதில் அர்த்தமே இல்லை.

டியும் இப்படித்தான். மாரடைப்பின் முதல் மணி நேரங்களில் முழுப் புரதமும் பெரிய துண்டுகளும் கணிசமாக இருக்கின்றன. நேரம் போகப் போகச் சிறிய துண்டுகளே மிஞ்சுகின்றன. நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களின் இரத்தத்தில் எப்போதும் காணப்படும் டி பெரும்பாலும் இந்தச் சிறு துண்டுகள்தான் என்று நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பின்லாந்தின் துர்க்கு நகரிலும் இதே திசையில் வேலை நடக்கிறது. நீளமான துண்டுகளைத் தனியாக அளந்தால், மாரடைப்பையும் நாட்பட்ட சிறுநீரக நோயால் வரும் உயர்வையும் பிரித்தறியலாம் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. நம் ஊர் ஆய்வகங்களின் வழக்கமான பரிசோதனை துண்டையும் முழுமையையும் சேர்த்தே எண்ணுகிறது.

துண்டுகள் எங்கே போகின்றன? சிறியவை சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டி, அங்குள்ள நுண்குழாய்களின் செல்களால் உறிஞ்சப்பட்டு, அமினோ அமிலங்களாகப் பிரிக்கப்படுகின்றன. பெரிய கூட்டங்களாக இருப்பவை அந்த வழியில் நுழைய முடியாது. அவற்றை ஈரலும் மற்ற துப்புரவுச் செல்களும் எடுத்துக்கொள்கின்றன. எலிகளில் நடந்த ஆய்வு ஒன்று சுவையான ஒன்றைச் சொல்கிறது. இரத்தத்தில் ட்ரோபோனின் கொஞ்சமாக இருக்கும்போது அதை அகற்றுவதில் சிறுநீரகத்தின் பங்கு பெரிது. மாரடைப்பில் வருவதுபோல் வெள்ளமாக வரும்போது மற்ற வழிகளே பெரும்பாலான வேலையைச் செய்கின்றன.

இதனால் என்ன தெரிகிறது? சிறுநீரகம் பழுதானவருக்கு, சும்மா இருக்கும் நாட்களிலேயே எண் எல்லைக்கு மேல் நிற்கும். ஆனால் மாரடைப்பில் வரும் பெரிய ஏற்றத்தைச் சிறுநீரகத்தின் மேல் பழிபோட்டுத் தள்ளிவிட முடியாது.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் சாதாரணமாகிவிட்டது. அதன் பின்னாலேயே சிறுநீரகக் கோளாறும் வருகிறது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு நெஞ்சு வலி வரும்போது வீட்டில் யாராவது ஒருவர், "கிட்னி பேஷன்டுக்கு அது எப்பவும் அதிகமாத்தான் இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. அவர்களுக்கு எண் உயர்ந்து நிற்பதற்கு வடிகட்டுதல் குறைந்தது ஒரு காரணம். நீண்ட நாள் இரத்த அழுத்தத்தாலும் இரத்தசோகையாலும் இதயத் தசை உண்மையாகவே சிறிது சிறிதாகச் சேதமடைவது இன்னொரு காரணம். நிரந்தரமாக உயர்ந்த ட்ரோபோனின் உள்ள சிறுநீரக நோயாளிகளுக்கு இதய ஆபத்து மற்றவர்களைவிட அதிகம் என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. மாரடைப்பு வந்திருக்கிறதா என்பதை அவர்களிடம் கண்டறிய ஒரு முக்கிய வழி, எண் நகர்கிறதா என்று பார்ப்பதுதான். சில மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் பழைய நிலை. கணிசமாக ஏறினால் அல்லது இறங்கினால் புதிய சேதம். நலமாக இருந்த நாளில் எடுத்த எண் ஒன்று கோப்பில் இருந்தால், அவசரப் பிரிவு மருத்துவருக்கு அது பெரிய உதவி. டயாலிசிஸ் நோயாளி இருக்கும் வீட்டில் அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கைப்பேசியிலும் ஒரு படம் இருக்கட்டும்.

சிலரின் உடல் ட்ரோபோனினுக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உருவாக்கிவிடுகிறது. இரண்டும் ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாகிவிடுவதால் அகற்றும் வழிகள் தடுமாறுகின்றன. இதயம் நன்றாக இருந்தாலும் எண் மாதக்கணக்கில் உயர்ந்து நிற்கும். எல்லாப் பரிசோதனையும் சரியாக இருந்தும் ட்ரோபோனின் மட்டும் அசையாமல் நின்றால் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கு நேர்மாறாக, எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடிய ஒன்றும் நம் அலமாரியில் இருக்கலாம். முடி உதிர்வுக்கும் நகத்துக்கும் என்று வாங்கிச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரைதான் அது. சில பரிசோதனைக் கருவிகள் பயோட்டினைப் பயன்படுத்தியே புரதத்தைப் பிடிக்கின்றன. இரத்தத்தில் அது மிகுந்திருந்தால் கருவி ஏமாறும். 2017இல் அமெரிக்காவின் எஃப்டிஏ இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. ஆகவே மருத்துவர் "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளோடு இதையும் சொல்லுங்கள். நம் பெண்கள் பலர் இதை மருந்தாகவே கணக்கில் எடுப்பதில்லை.

"தண்ணீர் நிறையக் குடித்தால் ட்ரோபோனின் இறங்குமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இறங்காது. தசை பெரிதாக நசுங்கிய விபத்துகளில் மயோகுளோபின் மலைபோல் வந்து சிறுநீரகத்தையே கெடுக்கும். அங்கே திரவம் ஏற்றிக் கழுவுவது சிகிச்சை. அந்தச் செய்திதான் எப்படியோ திரிந்து இங்கே வந்திருக்க வேண்டும். ட்ரோபோனினைக் குறைக்கத் தனி மருந்து கிடையாது, கஷாயமும் கிடையாது. இதயத்தின் இயக்கம் பலவீனமாகி நீர் கோர்த்திருப்பவர் இதற்காகத் தண்ணீரை அள்ளிக் குடித்தால் மூச்சுத்திணறலில்தான் முடியும்.

சீட்டில் உள்ள எண்ணைப் பற்றி

அலகைப் பாருங்கள். மில்லிலிட்டருக்கு 0.04 நானோகிராம் என்பதும் லிட்டருக்கு 40 நானோகிராம் என்பதும் ஒன்றேதான். ஊரில் ஒரு சீட்டு, நகரத்தில் ஒரு சீட்டு என்று கையில் வைத்துக்கொண்டு "ஆயிரம் மடங்கு ஏறிவிட்டது" என்று அலறியவர்கள் இருக்கிறார்கள். எல்லைக் கோடும் பரிசோதனைக்குப் பரிசோதனை மாறும். ரோஷ் நிறுவனத்தின் உயர் உணர்திறன் டிக்கு லிட்டருக்கு 14 நானோகிராம். அபாட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் ஐக்குப் பெண்களுக்கு 16, ஆண்களுக்கு 34. பெண்களின் கோடு தாழ்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஆண்களின் அளவை வைத்துப் பார்த்து "நார்மல்தான்" என்று உம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இதனால் வருகிறது.

எண் கூடியிருந்தால் அது இதயத் தசைக்குக் காயம் என்று சொல்கிறது. காயம் ஏன் என்று சொல்லாது. இதயத் தசை அழற்சி, நுரையீரலில் இரத்தக் கட்டி, கடுமையான கிருமித் தொற்று, தாறுமாறான வேகத் துடிப்பு ஆகியவற்றிலும் கூடும். மாரத்தான் ஓடி முடித்தவர்களுக்குக்கூடச் சிறிது கூடி, விரைவில் இறங்கிவிடுகிறது.

வலி தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்த பரிசோதனை சரியாக இருக்கிறது என்றால் அதை நம்பி வீட்டுக்குக் கிளம்பிவிடக் கூடாது. மிதக்கும் பங்கே இன்னும் இரத்தத்தை எட்டியிருக்காது. உயர் உணர்திறன் கருவி இருக்கும் இடங்களில் ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் மறுபடி எடுப்பார்கள். பழைய முறைக் கருவி என்றால் ஆறு மணி நேரம்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். சிறு ஊர்களில் பயன்படுத்தும் கோடு விழும் அட்டைப் பரிசோதனைக்கு உணர்திறன் இன்னும் குறைவு. அதில் கோடு விழவில்லை என்பதை முதல் மணி நேரங்களில் ஒரு ஆறுதலாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈசிஜியில் பெரிய அடைப்புக்கான மாற்றம் தெரிந்துவிட்டால் எந்த மருத்துவரும் இந்த எண்ணுக்காகக் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது.

மறுமுனையில், தாமதமாக வருகிறவர்கள். நோன்புக் காலத்தில் இஃப்தாருக்குப் பிறகு நெஞ்சை அடைத்தால் அது வாயு என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். சோடா, ஓமத் தண்ணீர், ஒரு அசிடிட்டி மாத்திரை. வலி தணிந்துவிடும். ஐந்து நாள் கழித்து மூச்சு வாங்குகிறது என்று போனால் ட்ரோபோனின் உயர்ந்திருக்கும். அந்த எண் கடந்த சில நாட்களுக்குள் தசை செத்திருக்கிறது என்று மருத்துவருக்குச் சொல்லும். எந்த நாள், எந்த மணி என்று சொல்லாது. ஏறும் பாதையில் இருக்கும் ஒருவருக்கும் இறங்கும் பாதையில் இருக்கும் இன்னொருவருக்கும் ஒரே எண் வரலாம். குழாயை உடனே திறப்பதா, பொறுத்துப் பார்ப்பதா என்ற முடிவு அந்த மணியைப் பொறுத்தது. அதை அறிந்தவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான். வலி தொடங்கியது இஃப்தாருக்கு முன்பா பின்பா, தராவீஹுக்குப் போகும் வழியிலா, சஹருக்கு எழுந்தபோதா, இடையில் நின்று மறுபடி வந்ததா என்று நினைவுபடுத்தி, 108 வண்டியில் ஏறும்போதே ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய சீட்டுகளோடு அந்தத் தாளையும் மருத்துவர் கையில் கொடுங்கள்.